இஞ்சினுக்குக் கட்டிய சாக்கு

திருச்செந்தூர் செல்லும் எங்கள் பேருந்து சிவகாசி ரயில்வே கேட்டில் நின்றபோது, மனத்துக்குள் கந்தன் புகழை ஓதிக்கொண்டிருந்தேன். சன்னலுக்குக் கீழே ஒரு பெண் தன் கணவரிடம் சொன்னாள்: "சாக்கை அவுக்கலைன்னா நான் இந்தப் பஸ்ஸிலேயே கோயிலுக்குப் போயிருவேன்."

எட்டிப் பார்த்தேன். பெரிய புல்லட் ஒன்று அனல் கக்கியபடி உறுமிக்கொண்டிருந்தது. இஞ்சினுக்கு முன்னே, காப்புக் கம்பியில் ஒரு கோணிச் சாக்கு கட்டப்பட்டிருந்தது.

"சூடு தணியத்தானே நனைச்சுக் கட்டினேன், செல்வி. பட்டாசுக் கம்பெனியில வெக்கைக்கு இப்படித்தானே தொங்கவிடுதோம்?"

"அது காஞ்சு எம்புட்டு நேரமாச்சு? வண்டி ஓடயில வாற காத்தையும் அதுதான் மறிக்குது. என் காலு வேகுது. நாம வேலை பாக்குற செட்டுக்கு நாலு பக்கமும் வாசல் எதுக்கு வச்சிருக்காக?"

"வெடிச்சா ஓடுறதுக்கு."

"காத்து வரவும்தான். இது காத்துல ஆறுற இஞ்சின்னு வாங்கும்போது நீங்கதானே சொன்னீக? முதல்ல அமத்துங்க. கேட்டு திறக்குமுன்ன கொஞ்சம் ஆறட்டும்."

அவர் இஞ்சினை நிறுத்திச் சாக்கை அவிழ்த்தார். இஞ்சினின் தகட்டு மடிப்புகளில் அப்பியிருந்த சேற்றையும் குச்சியால் சுரண்டினார். ரயில் கடந்தது.

நடத்துநர் படியில் நின்று கேட்டார்: "ஏறுதீகளா தாயி?"

கணவர் அவள் முகத்தையே பார்த்திருந்தார். அவள் சாக்கை மடித்துப் பின்சீட்டில் போட்டு, அதன்மேல் அமர்ந்தாள்.

"நீங்க மெதுவா வாங்கண்ணே. நாங்க முன்னால போய் உங்களுக்கும் சேத்துக் கும்பிட்டு வைக்கோம்."

நாங்கள் திருச்செந்தூரில் இறங்கியபோது, அவ்விருவரும் நெற்றி நிறையத் திருநீற்றோடு எதிரே வந்துகொண்டிருந்தனர்.