பொறந்த வீட்டுக் கோடி

இல்லண்ணே, நான் எறங்கல. கரி அமந்து வண்டி நின்னு போச்சு, அம்புட்டுத்தான். பின்னால கண்டக்டரு விசிறிய எப்படிச் சுத்துறாருன்னு பாருங்க. அப்படி வெரசாச் சுத்துனா சாம்பதான் பறக்கும். மெல்லச் சுத்தணும், உள்ள கங்கு பிடிக்கிற வரைக்கும். எனக்கு எப்படித் தெரியுமாவா? கப்பல்ல மூணு வருசம் கரி அள்ளிப் போட்டவண்ணே நானு. சண்டை வந்ததுல இருந்து பெட்ரோலு இல்லன்னு இந்தப் பஸ்ஸுக்கும் அடுப்ப மாட்டிட்டாக. இது ஒரு சட்டி நெருப்பு. அங்க ஒரு வீடு அம்புட்டு நெருப்பு.

சோழவந்தானுக்குத்தான் போறேன். துட்டி. எந்தங்கச்சி சீனியம்மா விடியக்காலம் தவறிட்டா. வாந்திபேதி, ரெண்டே நாளு. ஆமா, ரயிலேறியிருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருப்பேன். பட்டாளத்துக்காரன் கூட்டம், எடமில்லன்னு சொன்னேன்ல, பொய்யி. எடம் இருந்துச்சு. எம்புட்டு மெதுவாப் போனாலும் சரின்னு பஸ்ஸுக்கு வந்தேன்.

மடியிலயா? கோடிச்சீலைண்ணே. பொறந்த வீட்டுக் கோடி போடாம எடுக்க மாட்டாக, உங்களுக்குத் தெரியாததா. நான் போனாத்தான் குளிப்பாட்டுவாக. ஆனா ரெண்டு சீலை வச்சிருக்கேன் பாருங்க. புருசன் இருக்கான்னா செவப்பு. இல்லன்னா வெள்ளை. எந்தங்கச்சி புருசன் இருக்கானா செத்தானான்னு ஊருக்கே தெரியாது. கூடப் போனவன் நீதான், நீ கொண்டாந்து போடுற சீலைதான் முடிவுன்னு காலையிலேயே ஆளு விட்டுச் சொல்லிட்டாக. ஜவுளிக்கடையில ரெண்டையும் எடுக்கச் சொன்னதும் கடைக்காரரு என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு.

அவன் பேரு கருத்தக்கண்ணன். எனக்கு மாப்ள. வைகையில முழங்கால் தண்ணி ஓடுனாலே கரையில நின்னுக்குவான், அம்புட்டுப் பயம். அவனப் போயி நாந்தாண்ணே கெளப்புனேன். மழை தண்ணி இல்லாத வருசம். கொழும்புக்குப் போனோம், அங்க கப்பலுக்கு ஆளெடுத்தாக, வா மாப்ள சேருவோம்னுட்டேன். ஊர விட்டுக் கெளம்பையில சீனியம்மா என் கையத்தான் புடிச்சா. அவரப் பாத்துக்கண்ணேன்னா.

வேல்ஸுன்னு ஒரு சீமை. வெள்ளைக்காரந்தான், ஆனா பேச்சு வேற. கார்டிப்புங்குற துறமுகத்துக்குக் கரி ஏத்தப் போறோம். முப்பத்து மூணு, ஐப்பசி மாசம். கரைக்கு அரை நாளு இருக்கையில பேய்க்காத்து. சாம்பலக் கூடையில அள்ளிட்டுப் போயி மேல இருந்து கடல்ல கொட்டணும். அன்னைக்கு என் மொறை. தலை சுத்துது, நீ போயிட்டு வா மாப்ளன்னேன். போனவந்தான்.

கப்பலு பழுது பாக்க மூணு வாரம் நின்னுச்சு. மலபார்க்காரரு ஒருத்தரு, அங்கயே பொண்ணு கட்டி இருந்தவரு, அவருதான் சொன்னாரு. கடலு வச்சுக்காது, ஒன்பது நாளுக்குள்ள கரையில போட்டுரும், மேக்க ஊரு ஊராப் போயித் தேடு. போலீசத் தேடாத, சாராயக்கடையத் தேடுன்னாரு. ஏன்னா ஒதுங்குற பொணத்த கடைக்குப் பின்னால கொட்டகையிலதான் போட்டு வப்பாகளாம். விசாரிக்கிற அதிகாரியும் அங்கதான் வந்து உக்காருவாராம்.

பாரி, போர்த்கால், ஸ்வான்சீ, டென்பின்னு போனேண்ணே. ரயிலு கடலை ஒட்டியே போகும், அலை தெறிச்சு சன்னல் கண்ணாடி நனையும். ரயிலு போகாத ஊருக்குப் பஸ்ஸு. எறங்குன எடத்துல கடை. கதவத் தெறந்தா உள்ள கணப்பு எரியும், கெழவனுக சீட்டு வெளையாடுவாக, நாயி படுத்திருக்கும். என்னையப் பாத்ததும் பேச்சு நின்னுரும். எனக்குப் பாஷை தெரியாது. கடலைக் காட்டுவேன், கன்னத்துல கைய வச்சு தலையச் சாய்ப்பேன். எல்லாருக்கும் வெளங்கிரும். கசாயமாட்டம் ஒண்ணக் கறுப்பா ஊத்தி முன்னால வப்பாக. ஒரு கெழவன் தன் கோட்டையே கழட்டிக் குடுத்தான். நல்ல சனம்ணே. கெட்ட சனமா இருந்திருந்தா எனக்கு இம்புட்டு வலிக்காது.

ஊருக்கு வந்து, கெடைக்கலன்னு சொன்னேன். சீனியம்மாவுக்கு அப்ப இருபத்தி ரெண்டு. எங்கள்ல அறுத்துக் கட்டுற வழக்கம் உண்டு, மறுதாலி. வாடிப்பட்டி வெள்ளைத்துரை, பொண்டாட்டி செத்தவரு, தங்கமான மனுசன், ரெண்டு தரம் வந்து கேட்டாரு. இவ மாட்டேன்னுட்டா. எங்கண்ணன் கரை பூராம் தேடிப் பொணம் இல்லன்னுருச்சு, அப்ப அவரு உசுரோடதான இருக்காருன்னா. பதினோரு வருசம்ணே. பொட்டு வச்சு, பூ வச்சு, வாசலப் பாத்துக்கிட்டு. அந்த ஊரு பேரெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் போறப்பல்லாம் வரிசையாச் சொல்லிட்டு, எந்த ஊர விட்டண்ணேன்னு கேப்பா.

மாப்ள என்னைய விடலண்ணே. பஸ்ஸுல ஏறுனா எதுத்தாப்புல உக்காந்திருப்பான், துணி சொட்டச் சொட்ட. கள்ளுக்கடையில நொழைஞ்சா பின்கட்டுக் கதவுகிட்ட நிப்பான். அதுனால குடியையே விட்டேன். இப்பவா? இப்ப இல்ல. காலையில இருந்தே காணம். அதுதான் எனக்குப் பயமா இருக்கு. அங்க போயி அவகிட்ட உக்காந்திருக்கான் போல.

என்னண்ணே? செவப்பயே போடுங்குறீகளா? தெரியாத விசயத்துக்கு மகராசியாப் போகட்டும்னு. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா தெரியாதுன்னு யாரு சொன்னா? நான் ஒரு ஊரையும் விடலண்ணே. டென்பிக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஊரு, பேரு வாயில நொழையாது. அங்க கொட்டகையில ஒரு கதவக் கழட்டிப் போட்டு அதுமேல படுக்க வச்சிருந்தாக. மூஞ்சி இல்ல. இடுப்புல அரணாக்கயிறு இருந்துச்சு. சீனியம்மா கருப்பும் செவப்புமா முறுக்கிக் கட்டி விட்டது. போலீசுக்காரரு தொப்பியக் கழட்டிட்டு, ஒன் ஆளான்னு சாடையில கேட்டாரு. ஆமான்னா ஊருக்கு வந்து அவ தாலியறுக்கையில கோடி போடுறது யாரு? கூடப் பொறந்தவன், நாந்தான போடணும். அனுப்பி வச்ச கையால அவ தலையில வெள்ளையப் போடணுமான்னு நெனச்சேன். தலையாட்டிட்டேண்ணே, இல்லன்னு.

பேரில்லாமப் பொதைச்சிட்டாக. கடைக்காரம்மா ஓடி வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு, ஒன் ஆளு இல்லையே, நல்லதாப் போச்சுன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

வெள்ளைதாண்ணே போடப் போறேன். அவனுக்கும் இன்னைக்கு யாராச்சும் அழணும்ல. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வண்டி கெளம்பிருச்சு.