‘வரேன்’ என்றால் விலகல் அல்ல

எங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கூடும். மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில்தான் பெரும்பாலும் கருத்து வேறுபாடு வரும். மற்றதெல்லாம் ஒருமனதாக நிறைவேறிவிடும்.

மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வும் அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். மேசையைச் சுற்றி ஐந்து பேர். வேதியியல்காரர் தன் செல்போனைப் படிப்பார். வக்கீல் காற்புள்ளி தேடுவார். துணை முதல்வர் எல்லாவற்றுக்கும் “மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்பார். மேடம் நான்தான். உளவியல் துறைத் தலைவி, அந்தக் குழுவின் செயலாளரும் நானே. என் ஆய்வு வரும்போது மட்டும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வேன். நடுநிலை என்று அதைக் குறிப்பேட்டில் எழுதிவிடுவோம். ஐந்தாவது ஆள் பொதுமக்கள் சார்பில். விதி கேட்கிறதே என்று, எதிர்ச் சாரியில் தையல் கடை வைத்திருந்த ஓர் அம்மாளைப் பிடித்துப் போட்டோம். தையலக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

என் ஆய்வு எளிமையானது. மாணவர்களுக்கு ஒரு நினைவாற்றல் சோதனை. எப்படி எழுதினாலும், ‘உங்கள் வயதுக்கு மீறிய வேகத்தில் மறதி வந்துகொண்டிருக்கிறது’ என்று ஒரு தாளைக் கையில் கொடுப்போம். பொய்தான். இரண்டு வாரம் அந்தப் பொய் அவர்களை என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு, கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவோம்.

தையலக்கா மட்டும் கையைத் தூக்கினார்.

“உண்மையை எப்பம்மா சொல்லுவீங்க?”

“ஆய்வு முடிஞ்சதும். நடுவுல யாராவது விலகினா அப்பவே.”

“ரெண்டும் இல்லாம ஒரு பிள்ளை இடையில மாட்டிக்கிட்டா?”

“சட்டைத் துணியாக்கா இது, இடையில பத்தாம போறதுக்கு?” என்றார் வக்கீல். எல்லாரும் சிரித்தோம். நிறைவேறியது.

படிவம் தெளிவானது. விலக விரும்புகிறவர் ‘நான் இந்த ஆய்விலிருந்து விலகுகிறேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எழுதித் தர வேண்டும். அந்த வாக்கியம் என்னுடையது.

முப்பத்தொன்பது பேர் வந்தார்கள், முடித்தார்கள், உண்மையைக் கேட்டுத் திட்டிவிட்டுப் போனார்கள். நாற்பதாவது, கணிதத் துறைக் கடைசி வருடப் பெண். சிநேகிதிகள் அவளைக் கால்குலேட்டர் என்பார்கள். தாளைப் படித்தாள். மடித்தாள். பிரித்து மறுபடி படித்தாள்.

“மேடம், வேற யாரோடதாவது மாறி வந்திருக்குமா?”

“மேல உன் நம்பர்தானே இருக்கு?”

“ஆமா மேடம்.”

“அப்ப உன்னோடதுதான்.”

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“எனக்கு இதுக்கு மேல முடியல மேடம். போதும். நான் வரேன்.”

என் உதவியாளர், உண்மையைச் சொல்லும் தாளை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போக எழுந்தேவிட்டாள்.

“உக்காரும்மா. அவ என்ன சொன்னா?”

“வரேன்னு சொன்னா, மேடம்.”

“வரேன்னா வருவான்னுதானே அர்த்தம்?”

“மேடம், கிளம்பறப்ப எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க. போறேன்னு யாரு சொல்லுவா?”

“வீட்டு வாசல்ல என்ன சொல்லுவாங்கன்னு நான் கேக்கல. படிவத்தைப் பத்திப் பேசறேன்.”

‘மீண்டும் வருவார்’ என்ற கட்டத்தில் நானே குறியிட்டேன். ‘விலகுகிறேன்’ என்று எந்த மனிதரும் வாய் திறந்து சொல்ல மாட்டார் என்று, விசாரிக்க வந்த நீங்கள் இப்போது எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். ஐயா, அறுபது வருடமாக நானும் இந்த மொழியில்தான் பேசுகிறேன். தெரிந்துதான் அந்தச் சொல்லைப் போட்டேன். கதவு சுலபமாகத் திறந்தால் ஆய்வில் யார் மிஞ்சுவார்கள்?

அவள் முடிக்கவும் இல்லை, விலகவும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் இன்னும் ஆய்வில்தான் இருந்தாள்.

ஆறாவது மாதம் அவளுடைய அம்மா என் அறைக்கு வந்தார். கடைசித் தேர்வை மகள் எழுதவில்லையாம்.

“கேஸை அணைச்சோமான்னு நாலு தடவை எழுந்து பாக்கறா. ஏழெட்டு எவ்வளவும்மான்னு என்கிட்ட கேக்கறா, மேடம். நான் அஞ்சாவது படிச்சவ. டெஸ்ட் எடுத்தது நீங்கதானே, இதுக்கு மருந்து ஏதாவது உண்டா?”

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. நான் ஒரு நோட்டைக் கொடுத்தேன்.

“தினமும் எதையெல்லாம் மறக்கறான்னு இதுல எழுதுங்க. மாசம் ஒரு தரம் கொண்டுவாங்க. அவளுக்குத் தெரிய வேணாம்.”

“நீங்க நல்லா இருக்கணும் மேடம்.”

மூன்று வருடம் தவறாமல் கொண்டுவந்தார். என் சக பேராசிரியர்களின் கட்டுரைகளில் நான் காணாத நேர்மை அந்த நோட்டுகளில் இருந்தது. முதல் வருடம் வேலைக்குப் போக மறுத்தாள். அடுத்த வருடம் தெருமுனைக்கு மேல் போகவில்லை. மூன்றாம் வருடம் அறையை விட்டே வரவில்லை. திரும்பி வர வழி மறந்துவிடுமாம். ஒரு பொய் ஒருவருக்குள் எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்பதை, நான் அறிந்தவரை, இவ்வளவு தூரம் யாரும் பின்தொடர்ந்ததில்லை.

கெடுத்தது தையலக்காதான். மகளை எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நினைத்த அம்மா, அவளுடைய துணிகளை அந்தக் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். ஒவ்வொன்றிலும் கழுத்துக்கு உள்பக்கமாக வீட்டு முகவரியைத் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று தையலக்கா கேட்டிருக்கிறார். தைக்கிறவருக்கு எதற்கு அந்தக் கேள்வி? அங்கிருந்து வந்ததுதான் உங்கள் விசாரணை.

அவர்கள் வீட்டுக்கே போய், எல்லாம் பொய் என்று அந்தப் பெண்ணிடம் தையலக்கா சொன்னாராம். “ஆறுதலுக்குச் சொல்றீங்க, அக்கா” என்று அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாளாம். தையலக்காவின் இந்த வாக்குமூலத்தை நீங்கள் வாசித்தபோது, என் ஆய்வுக் குறிப்புக்காக நான் தேதியைக் கேட்டேன். அதற்கு ஏன் எல்லாரும் என்னை அப்படிப் பார்த்தீர்கள் என்று தெரியவில்லை.

உதவியாளர் மீதோ குழுவின் மீதோ பழி போட நான் வரவில்லை. அவர்களுக்கு அந்த அளவு துணிச்சல் கிடையாது. அம்மா எதிரே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மாதமும், தெரிந்தே, உண்மையைச் சொல்லாமல் இருந்தது நான் ஒருத்திதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் சேர்த்து எழுதுங்கள்: அன்றைய சோதனையில் அவள் எடுத்தது அறுபதுக்கு அறுபது. அவ்வளவு நல்ல மூளைக்கு, நான் கொடுத்தது பொய் என்று தானாகவே தெரிந்திருக்க வேண்டாமா?