ஒப்புக்கொண்டால் மூன்று நாள்

பள்ளிக் கழிப்பறைக் கதவுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா மேடம்? காற்றுக்கு என்று நினைப்போம். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு அதுதான் காவல்காரன். வருகிறவரின் செருப்பைப் பார்த்ததும் அணைத்துவிடுவார்கள். ஒழுங்கு ஆசிரியராக வந்த முதல் வருடமே அதைப் பலகை அடித்து அடைத்தேன். ஜன்னல் வழியாக ஊத ஆரம்பித்தார்கள். எச்சரிக்கைப் பலகை, நுரையீரல் படம், மருத்துவரின் பேச்சு, ஒன்றும் பலிக்கவில்லை.

ஏன் என்று யோசித்தேன். பிடிக்கிற ஒருவன் மாட்டினால் யாருக்கும் பயம் வருவதில்லை. "ஒளிக்கத் தெரியல மடையனுக்கு" என்று சிரித்துவிட்டு, தாங்கள் இன்னும் நன்றாக ஒளிப்பார்கள். சிகரெட்டைத் தொட்டே பார்க்காத ஒருவர் மாட்டினால்? "அவளே மாட்டிக்கிட்டா, நாமெல்லாம் எந்த மூலைக்கு" என்பார்கள்.

ஆகவே வருடத்துக்கு ஒருவர். அவர் பையில் சிகரெட்டை நான் வைப்பேன், சோதனையில் நானே எடுப்பேன். பெரிய தண்டனையும் இல்லை. விதியை எழுதியதும் நான்தான்: ஒப்புக்கொண்டால் மூன்று நாள் வீட்டில் இருந்தால் போதும், மறுத்தால் நீக்கம். எல்லாரும் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

ஒருத்தி மட்டும் மறுத்தாள். ஒரு நாளும் தாமதமாக வராததால் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர் எடுத்தவள். பன்னிரண்டாம் வகுப்பு, இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தையல்காரரான அவள் அப்பா, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் தலைமை ஆசிரியர் அறைக்கு ஓடிவந்தார்.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடு கண்ணு. மூணு நாள்ல முடிஞ்சிரும்."

"நீங்களும் நம்பலையாப்பா?"

"நம்புறேன்டா. நம்புறதாலதான் கெஞ்சுறேன்."

"செய்யாததை எப்படிப்பா செஞ்சேன்னு சொல்றது?"

அவர் என் பக்கம் திரும்பினார். "தப்புத்தண்டாவுக்குப் போகாத பொண்ணு சார். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

"ஒத்துக்கோம்மா, உன் நல்லதுக்குத்தான்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த விதி எப்படி வேலை செய்கிறது என்று எனக்கே அன்றுதான் புரிந்தது. பொய் சொல்ல முடிந்தவர்களுக்கு அது கதவு, முடியாதவர்களுக்குச் சுவர். அதை மாற்றவும் வழியில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பார்களே.

மாலைக்குள் நீக்கினோம். அவள் தேர்வு எழுதவில்லை. அந்த வருடம் கழிப்பறையில் ஒரு சிகரெட் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

இந்த வருடம் மாட்டிய பையனின் அம்மா, தாழ்வாரக் கேமராப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டார். அதில் இருப்பது நான்தான். அவன் பையில் வைத்ததும் நான், அவள் பையில் வைத்ததும் நான். எதையும் மறுக்கவில்லை.

ஆனால் உங்கள் விசாரணை அறிக்கையில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். போன மாதம் அவளைப் பார்த்தேன். ஒரு துணிக்கிடங்கின் பின்வாசலில், மூட்டைமேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் அணைக்கவில்லை. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நான் தவறான ஆளைப் பிடிக்கவில்லை மேடம். கொஞ்சம் முன்னதாகப் பிடித்துவிட்டேன், அவ்வளவுதான்.