கட்டிமடை

எந்தப் பஞ்சத்துக்கு முந்தி என்று கேட்காதீர்கள், சொல்ல ஆள் இல்லை. ரொம்பக் காலத்துக்கு முந்தி, வாகையேந்தல் என்ற ஊரில் சடச்சி என்று ஒருத்தி இருந்தாளாம். அவள் புருசன் கண்மாய் மடையைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி. பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தான். அந்த வேலையும் அதற்கு ஊர் அளக்கும் நெல்லும் இனி யாருக்கு?

“மதினிக்குக் கணக்கு வராது. எனக்குக் கொடுங்க” என்றானாம் கொழுந்தன் கூரியன்.

அவன் சொன்னது பொய்யில்லை. ஒரு மா வயலுக்கு ஏழு நாழிகைத் தண்ணீர், அதுதான் ஊர்முறை. சடச்சிக்கு ஏழாம் வாய்பாடு பாட்டு மாதிரி வரும். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று தொடங்கினால் கடைசிவரை போவாள். நடுவில் நிறுத்தி, “ஆறு மாவுக்கு எத்தனை?” என்றால் மறுபடி ஓரேழிலிருந்து தொடங்குவாள்.

நாட்டாமை எட்டு நாள் தவணை கொடுத்தாராம். “அதுக்குள்ள கத்துக்கிட்டா வேலை உனக்கு. இல்லேன்னா அவனுக்கு.”

மறுநாள் நடவுக்குப் போனவள், பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ஒச்சம்மாளிடம் அழுதாளாம். “எம்மண்டையில மண்ணுதான்க்கா இருக்கு.”

“மண்ணுலதானடி நெல்லு விளையுது.”

ஒச்சம்மாள் வரப்பில் நாற்றுமுடிகளை வரிசைக்கு ஏழாக ஐந்து வரிசை வைத்தாளாம். “ஐயேழு திடமா வருமா?”

“முப்பத்தஞ்சு.”

“இன்னொரு வரிசை போட்டா?”

சடச்சி தொட்டுத் தொட்டு எண்ணினாள். “நாப்பத்திரெண்டு!”

“அம்புட்டுத்தான். தெரிஞ்சதைப் பிடிச்சுக்கிட்டுத் தெரியாததுக்குப் போ.”

விடிந்து கேட்டால், எல்லாம் மறந்துபோச்சாம். ஒச்சம்மாள் கோபப்படவில்லை. “மறந்தாத்தான் தேடுவ. தேடித் தேடி நடந்தாத்தான் தடம் விழும்” என்றாளாம்.

அப்புறம் முடிகளைக் காட்டாமலே கேட்டாள். கிணற்றடியில் ஒன்று, விறகு பொறுக்கையில் ஒன்று. ஒரு நாள் விட்டு, ரெண்டு நாள் விட்டு, முன்னும் பின்னுமாகக் கேட்டாள். “தப்போ சரியோ, முதல்ல வாயால சொல்லு. பெறகு எண்ணிப் பாரு.”

எட்டாம் நாள் காலையில் ஊரே மடையில் கூடியது.

“எட்டு மாவுக்கு எத்தனை நாழிகை?” என்றார் நாட்டாமை.

“அம்பத்திநாலு!” முந்திக்கொண்டான் கூரியன். பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

சடச்சி மனசுக்குள் கணக்கைப் பிடித்தாளாம். பாட்டை முதலிலிருந்து தொடங்கலாமா? வேண்டாம். ஐயேழு முப்பத்தைந்து. மிச்சம் மூவேழு, இருபத்தொன்று.

“அம்பத்தாறு, ஐயா.”

சொல்லிவிட்டு, மடைவாயில் கிடந்த மண்கட்டிகளைப் பொறுக்கி வரிசைக்கு ஏழாக எட்டு வரிசை அடுக்கினாள். நாட்டாமை குனிந்து எண்ணினார். ஐம்பத்தாறு.

கூட்டம் கூரியனைப் பார்த்துக் கொல்லென்று சிரித்தது. “இவரு கணக்குப்புலியாம்ல!” அவன் தலை தொங்கிப்போச்சு. அந்தச் சிரிப்பு எங்கே போய்க் குத்தும் என்று சடச்சிக்குத் தெரியும். ஒரு கை மண்கட்டியை அள்ளி அவன் கையில் வைத்தாளாம்.

“உக்காருங்க கொழுந்தனாரே. அஞ்சு வரிசை நீங்க அடுக்குங்க. மிச்சத்தை ரெண்டு பேருமாப் பார்ப்போம்.”

மடைவேலை சடச்சிக்கே ஆனது. அன்றிலிருந்து அந்த மடைக்குப் பேர் கட்டிமடை. அங்கே தண்ணீர்க் கணக்கில் ஒருத்தன் பிசகினால் இன்றைக்கும் யாரும் சிரிப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் குனிந்து நாலு மண்கட்டி எடுத்து அவன் கையில் கொடுப்பார். அவன் அடுக்கி, எண்ணி, சரியாகச் சொல்லும் வரைக்கும் கண்மாய்த் தண்ணீர் காத்துக் கிடக்கும்.