உறையவைத்த பதினோரு நிமிடங்கள்

எனக்குத் தட்டச்சுப் பிழை அதிகம் வராது. பதினாறு வருடப் பழக்கம். விசைகளின் மேல் எழுத்து தேய்ந்து அழிந்துவிட்டாலும் விரல்கள் தாமாகப் போய் உட்காரும். போன வாரம் விசாரணைக்காக உங்கள் உதவியாளர் என் அறைக்கு வந்து, "ஏதாச்சும் கை தவறி அமுக்கிட்டீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான், ஐயா. கை தவறவில்லை.

என் அறை மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கை விரிப்புகள் வெந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் ஆறு கணினிகள் இரைந்துகொண்டிருக்கும். ஆறும் என் பொறுப்பு. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுபவை. ஆய்வுக்கூடத்துக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, வார்டுகளுக்கு ஒன்று என்று ஒவ்வொரு நிரலும் ஒரு கன்டெய்னருக்குள் அடைபட்டிருக்கும். நிரலையும் அதற்கு வேண்டியதையும் மட்டும் டப்பாவில் போட்டு மூடியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வேறு ஒரு துரும்பும் இருக்காது. பழுதென்று உள்ளே போனால், என்ன ஓடுகிறது என்று காட்டும் கட்டளைகூட இருக்காது. கையைக் கட்டிப்போட்டு வேலை பார்க்கச் சொல்வது மாதிரி.

அதனால் நானே ஒரு டப்பா செய்துகொண்டேன். பத்துப் பன்னிரண்டு கருவிகளை அதில் நிரப்பி, எது தகராறு செய்கிறதோ அதனோடு ஒட்டவைத்துவிடுவேன். பிறகு வெளியில் இருந்தபடியே அதற்குள் நடப்பது எல்லாம் தெரியும். நிரல் என்ன கேட்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது, கம்பி வழியே என்ன செய்தி வருகிறது, ஒவ்வொரு வரியும். பார்க்க மட்டும் முடியும் என்பதில் ஒரு வேதனை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்காம் மாடியில், அறுவை முடிந்தவர்கள் இருக்கும் வார்டில், இருபத்திரண்டு படுக்கைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கருவி மூச்சையும் நாடியையும் கவனித்துக்கொண்டிருக்கும். அவை ஒவ்வொன்றும் கத்தினால் யாரும் தூங்க முடியாது என்று, படுக்கைப் பக்கத்து ஒலியை அணைத்துவிட்டார்கள். செய்தி கீழே என் கணினிக்கு வந்து, ஒரு நிரல் வழியாக மேலே சிஸ்டர்களின் மேஜைக்குப் போய், அங்கே ஒலிக்கும். சிஸ்டர்கள் அந்த நிரலுக்குப் பாப்பா என்று பெயர் வைத்திருந்தார்கள். "பாப்பா அழுவுது, யாராச்சும் தூக்குங்கடி" என்பார் பெரிய சிஸ்டர். முப்பது வருடம் வேலை பார்த்தவர். என்னைத் தம்பி என்று கூப்பிடுவார்.

பாப்பாவுக்கு ஒரு நோய் இருந்தது. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை எதையோ நினைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். செத்துப்போனால் பரவாயில்லை; கன்டெய்னரே மறுபடி எழுப்பிவிடும். இது சாகாது. ஓடுவதாகவே காட்டும். மேலே திரையில் கடைசியாக வந்த பச்சை நிறம் அப்படியே இருக்கும். நான் எப்படியோ கண்டுபிடித்து, ஒரு நிமிடத்துக்குள் எழுப்பிவிடுவேன். ஒன்பது மாதம் இப்படியே ஓட்டினேன். சாப்பாட்டு டப்பாவைக்கூட அந்தத் திரைக்கு முன்னால்தான் திறப்பேன். "அந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டே அழுவுங்க" என்று என் மனைவி சொல்வதில் தப்பில்லை.

நிர்வாகிக்கு நான்கு கடிதம் எழுதினேன். இரண்டாவதாக ஒரு கணினி வேண்டும், ஒன்று நின்றால் மற்றொன்று பார்த்துக்கொள்ளும் என்று படம் போட்டு விளக்கினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு ஒருமுறை லிப்டில் மாட்டினார்.

"இப்ப ஓடுதுல்ல?" என்றார்.

"ஓடுது சார். ஆனா நான் பாத்துக்கிட்டே இருக்கறதாலதான் ஓடுது."

"அப்ப பாத்துக்கிட்டே இருங்க. ஓடுறத எதுக்கு நோண்டுறீங்க?"

கதவு திறந்தது, போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவர், அவ்வளவுதான். ஆகவே அவர் கண்ணால் பார்க்கும்படி செய்ய வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் வந்திருப்பார்கள்.

வியாழக்கிழமை மதியம் மூன்றேகாலுக்கு அறைக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். நேரத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். காலையில் அறுவை, மாலையில் பார்வையாளர்கள். மூன்று மணிக்குத்தான் வார்டு அமைதியாக இருக்கும். பொறுப்போடு யோசித்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கன்டெய்னரை உறையவைக்க ஒரு கட்டளை உண்டு. இரண்டே சொல். நிரல் சாகாது, எந்த வரியில் இருந்ததோ அதே வரியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விடுவிக்கும் கட்டளை கொடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல் அடுத்த வரிக்குப் போகும். பாப்பாவின் நோயை அச்சு அசலாக நடித்துக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. நிர்வாகி வந்ததும் மேலே போன் போட்டு, "திரையில் என்ன தெரிகிறது?" என்று கேட்கவைப்பது, அவர்கள் "எல்லாம் பச்சை" என்பார்கள், அதே நேரத்தில் என் திரையில் செய்திகள் குவிந்துகொண்டிருப்பதைக் காட்டுவது. இதுதான் திட்டம். அவர் வரும்போது கொஞ்சமாவது குவிந்திருக்க வேண்டும் என்பதால் மூன்று பத்துக்கே உறையவைத்தேன். திரையின் பக்கத்துச் சாளரத்தில் விடுவிக்கும் கட்டளையையும் அடித்துத் தயாராக வைத்துக்கொண்டேன். ஒரு விசை அமுக்கினால் போதும்.

மூன்றேகாலுக்கு வரவேண்டியவர் வரவில்லை. போன் செய்தேன்.

"அஞ்சு நிமிஷம். ஒருத்தர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். வந்துடறேன்."

ஆனால் அதற்கு ஒரு நிமிடம் முன்பே, மூன்று பதினாலுக்கு, ஒன்பதாம் படுக்கையிலிருந்து செய்தி வர ஆரம்பித்துவிட்டது.

கம்பியில் வருவதைப் படித்துக் காட்டும் கருவி என் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்தெட்டு. பத்து வினாடி கழித்து எண்பத்தாறு. பிறகு எண்பத்திரண்டு. கருவி சில நேரம் விரலிலிருந்து கழன்று இப்படிக் காட்டும். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கழன்றிருந்தால் எண் மொத்தமாக மறைந்துவிடும், படிப்படியாக இறங்காது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்திருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஒன்பதாம் படுக்கை வராந்தாவின் கடைசியில், கதவு போட்ட தனி அறை. அங்கே இருந்தவர் தையல் டீச்சர். முந்தின நாள் மேலே ஒரு கம்பியை மாற்றப் போனபோது பார்த்திருக்கிறேன். கழுத்தில் கட்டு, பேசக் கூடாது என்பதால் சிலேட்டு மாதிரி ஒரு பலகையில் எழுதிக்காட்டினார். என் சட்டைக் காலரில் நூல் பிரிந்திருப்பதைச் சுட்டி, 'வீட்டில் சொல்லுங்கள்' என்று எழுதினார். அவருடைய மகள் சிரித்தாள்.

"அம்மாவுக்கு எங்க போனாலும் வேலை ஞாபகம்தான்ணே. நாளைக்கு மதியம் நான் வீட்டுக்குப் போய் மாத்துத்துணி எடுத்துட்டு வரலாமா? இந்த மெஷின் பாத்துக்கும்ல?"

"பாத்துக்கும்மா. தாராளமா போயிட்டு வாங்க" என்றேன். என் நிரலைப் பற்றி வேறென்ன சொல்வேன்.

எழுபத்தொன்பது. எழுபத்தைந்து. விரல் விசைமேல்தான் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு பொய்யான பழுதைக் காட்டுவதைவிட, உண்மையான எச்சரிக்கை ஒன்று மேலே போகாமல் நிற்பதைக் காட்டினால் எவ்வளவு அழுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்பது மாதம் நான் சொன்னதெல்லாம் ஒரே பார்வையில் புரிந்துவிடும். மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். பேருந்து நிறுத்தத்தில் நெடுநேரம் நின்றவனுக்குத் தூரத்தில் பேருந்து தெரிந்தது போல ஒரு நிம்மதி. இப்போது விடுவித்துவிட்டால், அவர் வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. மறுபடி ஐந்தாவது கடிதம்.

மூன்று பதினெட்டுக்கு மறுபடி போன் செய்தேன். "சார், ஒடனே வாங்க. நீங்க பாக்கணும்."

"லிப்டுகிட்ட நிக்கறேன்" என்றார்.

லிப்டிலிருந்து என் அறைக்கு நாற்பது அடி. நடைச் சத்தம் வந்தது. சலவைக்கூடத்து ஆள், வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். எண் இப்போது ஐம்பதுகளில் இருந்தது. மேலே சிஸ்டருக்குப் போன் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். செய்திருக்கலாம். செய்தால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள் என்று தோன்றியது. நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வேலை அதுதானே. ஒன்பது மாதமாகப் பார்த்துக்கொண்டே இரு என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

மூன்று இருபத்தொன்றுக்கு விசையை அமுக்கினேன். நிர்வாகி வரவில்லை. லிப்டில் கீழே வராமல் வாசலுக்குப் போய், காரில் ஏறிவிட்டாராம். ஏதோ அவசரக் கூட்டம்.

குவிந்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் மேலே போனது. பெரிய சிஸ்டர் மருந்துத் தட்டைப் போட்டது போட்டபடி ஓடினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கழுத்துக் கட்டுக்குள் ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்தியிருக்கிறது. முதல் இரண்டு நிமிடத்தில் போயிருந்தால் கட்டை அவிழ்த்துத் தையலைப் பிரித்தே காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் உங்கள் முன்னால் சொன்னார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மகள் மாத்துத்துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எச்சரிக்கைகளின் பதிவேட்டை உங்களுக்கு அச்செடுத்துக் கொடுத்தது நான். பாப்பாவின் பதிவில், செய்தி மேலே போய்ச் சேர்ந்த நேரம் இருக்காது. படுக்கைக் கருவி அனுப்பிய நேரம்தான் இருக்கும். ஆகவே மூன்று பதினாலுக்கு ஒன்பதாம் படுக்கை அழைத்தது என்றும், சிஸ்டர் மூன்று இருபத்தொன்றுக்குத்தான் ஒலியை நிறுத்தினார் என்றும் அது சொன்னது. 'ஏழு நிமிடம் என்ன செய்தீர்கள்?' என்று நீங்கள் அவரைக் கேட்டீர்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அச்சுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு எழுத்தையும் நான் மாற்றவில்லை. நான் அடித்த கட்டளைகளின் பட்டியலை மட்டும் அன்று மாலையே அழித்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

தன்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்த பிறகு பெரிய சிஸ்டர் ஒருநாள் என் அறைக்கு வந்தார். சீருடை இல்லாமல் பார்க்கும்போது யாரோ ஒரு வீட்டுப் பெண்மணி மாதிரி இருந்தார்.

"தம்பி, அந்த மெஷினுக்குள்ள வேற ஏதாச்சும் பதிவு இருக்குமா? நல்லாத் தேடிப் பாத்தியா?"

"பாத்துட்டேன்க்கா. வேற இல்ல."

"அந்த ஏழு நிமிஷம் எனக்குச் சத்தமே கேக்கலப்பா. மேஜைக்கு எதுக்கால தானே ஒக்காந்திருந்தேன். கேக்கவே இல்ல." கணினிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "காது போயிடுச்சோன்னு நேத்து டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன். காது நல்லா இருக்காம். அப்ப மண்டையிலதான் கோளாறு போல. வயசாயிடுச்சில்ல."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது கணினி போன திங்கட்கிழமை வந்துவிட்டது. நிர்வாகி நேரில் வந்து தோளில் தட்டி, "நீங்க அப்பவே சொன்னீங்க" என்றார். புதிதை நானே பொருத்தினேன். பாப்பா இப்போது நின்றால் மற்றொன்று தொடர்கிறது. இனி அந்த வார்டில் யாருக்கும் அப்படி நடக்காது. இந்தக் கணக்கில் தையல் டீச்சரை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதெல்லாம் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இல்லை.

நேற்று பெரிய சிஸ்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல், பதிவேட்டோடு சேர்த்து வைப்பதற்காக என்னிடம் வந்தது. 'ஒலித்திருக்கும், நான்தான் கவனிக்காமல் விட்டிருப்பேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது தவறு, ஐயா. ஒலிக்கவில்லை. நடக்காத ஒன்று நடந்ததாகப் பதிவில் நிற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உறையவைத்தது நான். ஒன்பதாம் படுக்கையில் ஒரு உயிர் போவதைப் பத்து வினாடிக்கு ஒருமுறை படித்துக்கொண்டே இருந்ததும் நான்தான். சிஸ்டரின் கடிதத்தை நீக்கிவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கொடுத்த பதிவேட்டை மாற்ற வேண்டியதில்லை. அது சரியாக இருக்கிறது. பாப்பா உறைந்திருந்த நேரத்தில் வந்த நாற்பத்தேழு எச்சரிக்கைகளும் வரிசை குலையாமல் மேலே போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்றுகூடத் தொலையவில்லை, இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.