என் கோட்டுக் கையில் வாடை இல்லை

சவரம் செய்த முகத்துக்கு ஏதாவது ஒன்றுதான் போட வேண்டும், ஐயா. இரண்டு போட்டால் அடித்துக்கொள்ளும். சொன்னால் ஆண்கள் சிரிப்பார்கள். எலுமிச்சை சோப்பில் குளித்து, புதினா நுரையில் மழித்து, நீல லோஷனைக் கன்னத்தில் அறைந்து, கழுத்தில் ரோஜாப் பவுடரைக் கொட்டி, அக்குளில் ஸ்பிரே அடித்துக்கொண்டு கிளம்புவார்கள். தனித்தனியாக எல்லாமே நல்ல வாசனைதான். சேர்ந்தால், மூடிய டப்பாவில் வைத்து மறந்துபோன பழம்.

எனக்கு இதுதான் தொழில். பெரிய கடையின் தரைத்தளத்தில், ஆண்களுக்கான வாசனைச் சாமான்கள் விற்கும் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நிற்கிறேன். வறண்ட தோலா, களிம்பு. எண்ணெய் வழிகிற தோலா, லோஷன். அது காய்ந்த பிறகு, அதே ரகத்தில் ஒரு சொட்டு செண்டு. கட்டிப்பிடிக்கிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். கதவைத் திறக்கிறவருக்கே தெரிந்தால் அது வாசனை இல்லை, வாடை.

நாள் முழுக்க பாட்டில்களை மோந்தால் மூக்கு மரத்துப்போகும். அதைத் தெளிய வைக்கச் சில கடைகளில் காப்பிக்கொட்டை வைத்திருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் சூப்பர்வைசர் சொன்னார்: "அதெல்லாம் வர்றவங்களுக்குக் காட்டத்தான்டா. நீ உன் கோட்டுக் கையை மோந்துக்கோ. மூக்கு பூஜ்யத்துக்கு வந்துடும்."

அன்றிலிருந்து என் பூஜ்யம் என் கோட்டுக் கைதான். முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுப்பேன். ஒன்றுமே இருக்காது. அதற்குப் பிறகு எந்த வாடையும் என்னிடமிருந்து தப்பாது. அதனால்தான் கோட்டை நான் துவைப்பதில்லை. துவைத்தால் சோப்பு வாசனை ஏறிவிடும், பூஜ்யம் கெட்டுவிடும். வாடிக்கையாளர் தாடையில் லோஷன் வழிந்தால் அதே கையால்தான் துடைத்துவிடுவேன். மோந்து பார்க்கக் கொடுக்கும் காகிதத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொள்வேன். எத்தனையோ வருஷமாக ஒரே கோட்டு. அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன்.

நீங்கள் கைக்குட்டையை எடுப்பது தெரிகிறது. ஜலதோஷமாக இருக்கும். மெதுவாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

எனக்கு அக்கா ஒருத்திதான். அப்பா அம்மா போன பிறகு அந்த வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அக்கா தாமதமாகத்தான் கல்யாணம் செய்துகொண்டாள். அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இளைப்பு உண்டு. சின்ன பம்பு ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். மூச்சு முட்டினால் வாயில் வைத்து ஓர் அழுத்து. பார்க்கச் சாதுதான். தினமும் காலையில் சூடான தண்ணீர் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போய் நிதானமாகச் சவரம் செய்வார்.

வந்த முதல் வாரத்திலேயே அந்த வாடை எனக்குத் தெரிந்துவிட்டது.

குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வருவார். கூடவே ஆவி வரும். ஆவியோடு அது வரும். தித்திப்பாக, புளிப்பாக, ஈரத் துண்டை மடித்து வைத்த மாதிரி, அதன் மேல் யாரோ பூக்கடையைக் கவிழ்த்த மாதிரி. உள்ளே போனால் தொட்டி ஓரத்தில் நுரையும், நுரையில் ஒட்டிய முடித்துணுக்குகளும். சுவரெல்லாம் வேர்த்து வடியும். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் என் கோட்டு அந்த ஆவியில் நனைந்து கனத்திருக்கும். என் கோட்டை இந்த மனுஷர் கெடுத்துவிடப் போகிறாரே என்று பதறிப்போய்க் கையை மோந்து பார்ப்பேன். நல்லவேளை, ஒன்றும் இருக்காது.

ஒரு நாள் நயமாகவே கேட்டேன். "அத்தான், ஷேவ் பண்ணினதும் என்ன போடுறீங்க?"

"படிகாரம்."

"அது சரி. அதுக்கு மேல?"

"அதுக்கு மேல அல்வாவா பூசுவாங்க? பக்கத்து சீட்ல உக்காந்து சொல்லிக் குடுக்கிறவன் மேல ஒரு வாசனையும் இருக்கக் கூடாது மச்சான். வண்டி ஓட்டுறவங்களுக்குத் தலை சுத்தும்" என்று சொல்லி, இருமினார். என்னோடு பேசும்போதெல்லாம் இருமுவார். பொய் சொல்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும்.

அவர் பெட்டியைப் பார்த்தேன். ரேசர், சீப்பு, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு படிகாரக் கல். படிகாரத்துக்கு வாசனையே கிடையாது, அது எனக்குத் தெரியாதா? சும்மா கண்துடைப்பு. பாட்டில்களை எங்கேயோ ஒளித்து வைத்திருந்தார். கட்டிலுக்கு அடியில், பரண் மேல், சமையலறை டப்பாக்களுக்குள் எல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. அவ்வளவு தந்திரம்.

வேடிக்கைக்காரர் வேறு. நான் வேலை முடிந்து வரும்போது அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். அவர் உள்ளேயிருந்து சொல்வார்: "நான் சொல்லல? மச்சான் தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சிடும்." அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சும்மா இருங்க, பாவம்" என்பாள். என் செருப்புச் சத்தத்தைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அக்கா உடனே போய் ஜன்னல்களைத் திறப்பாள். புருஷனின் வாடையைத் தம்பிக்குத் தெரியாமல் வெளியேற்றப் பார்க்கிறாள் என்று புரிந்தது. எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது.

அவள் துணியிலும் அது ஏறிவிட்டது. தலையணையில், சோபாவில், தண்ணீர்க் குடத்தில்கூட. சோற்றில் கை வைத்தால் சோற்றிலும் அதுவே. பஸ்ஸில் போகும்போதும் கூடவே வந்தது. என் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அத்தானின் வாடை என்மேலும் ஒட்டிக்கொண்டதாக ஜனங்கள் நினைத்திருக்க வேண்டும். கடையில் மானேஜர் என்னை மேஜையிலிருந்து எடுத்து, பின்னால் சாமான் அறைக்கு அனுப்பினார். "உங்க அனுபவத்துக்கு அங்கதான் வேலை இருக்கு" என்று இரண்டடி தள்ளி நின்று மரியாதையாகச் சொன்னார். ஓர் ஆளின் பழக்கம் எவ்வளவு தூரம் பாய்கிறது, பாருங்கள்.

அக்கா ஒரு தடவை, "டேய், அந்தக் கோட்டை மெஷின்ல போட்டுத் தரட்டுமா? ஒரே ஒரு தடவைடா" என்றாள்.

"அதுல கை வெச்சா தெரியும் சேதி" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை சாப்பிடும்போது அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மச்சான், தப்பா எடுத்துக்காதே. வேற வீடு பாத்துட்டோம். எனக்கு இங்க மூச்சு ஒத்துக்கல. அடுத்த மாசம் கிளம்புறோம்."

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத மாதிரி இருந்தது.

நீங்கள் கேட்பீர்கள், அவரே போகிறேன் என்றாரே, விட்டிருக்கலாமே என்று. நானும் யோசித்தேன். அவர் போவார், வாடையும் போகும். ஆனால் அக்காவும் போவாளே. புது வீட்டில், ஜன்னல் திறக்கக்கூட ஆள் துணையில்லாமல், காலம் முழுக்க அந்த நாற்றத்தையே சுவாசித்துக்கொண்டு கிடப்பாளே. கூடப் பிறந்தவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

மறுநாள் காலை அக்கா காய்கறி வாங்கப் போனாள். அத்தான் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டுச் சவரம் செய்ய உள்ளே போனார். சட்டைப் பையிலிருந்து பம்பை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு, அதைப் போட்டேன். பிறகு என் அறையிலிருந்து சாம்பிள் பாட்டில்கள் இருந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் திறந்து, கதவின் கீழ் இடுக்கு வழியாக ஊற்றினேன். எலுமிச்சை, புதினா, ரோஜா, கஸ்தூரி, எல்லாம். பிடித்ததை அவருக்கே கொடுப்போம் என்றுதான். கடைசியில் துண்டை வைத்து இடுக்கை அடைத்தேன்.

முதலில் இருமல். பிறகு, "மச்சான், என்னது இது?" பிறகு தட்டினார். "கதவைத் திற. பம்பு... பம்பைக் குடு." கொஞ்ச நேரம் கழித்து வார்த்தை இல்லை, தட்டல் மட்டும். பிறகு தட்டலும் நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஆகிவிட்டது. வாடை தாங்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

திறந்தபோது அவர் கதவோரம் சுருண்டு கிடந்தார். ஒரு கன்னம் மழித்திருந்தது, ஒரு கன்னத்தில் நுரை. விழுகிறபோது பிடித்து இழுத்திருப்பார் போல, என் கோட்டு அவர் முகத்தின் மேல் கிடந்தது. முதலில் அதைத்தான் எடுத்தேன். உதறி, கையை மோந்து பார்த்தேன். அந்த அமளியிலும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் உள்ளங்கையில் படிகாரக் கல் இருந்தது. கடைசிவரைக்கும் நடிப்பு.

அக்கா வந்து பார்த்தாள். அவர் பூசுகிற வாடைக்காகத்தான் செய்தேன் என்றேன். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "அவரு அந்தக் கல்லத் தவிர வேற எதையும் மூஞ்சில தொட்டதில்லடா. உன் கோட்டு நாத்தம் தாங்காமத்தான் வீடு பாத்தோம். உன் மனசு நோகுமேன்னு சொல்லாம இருந்தோம்" என்றாள். துக்கத்தில் என்னென்னவோ பேசுவார்கள். அவள்தான் உங்களுக்குப் போன் செய்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. எல்லாம் அவளுக்காகத்தான்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள்.

ஒரு சின்ன உதவி மட்டும். நேற்று என்னை இந்த அறைக்குக் கொண்டுவந்தபோது சுத்தமாக இருந்தது. இன்று காலையிலிருந்து அதே வாடை, அத்தான் வந்து உட்கார்ந்த மாதிரி. இப்போதுகூடக் கோட்டுக் கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், என்னிடம் ஒன்றுமில்லை. வாசலில் காவலுக்கு நிற்கிறாரே, இளம் போலீஸ்காரர், காலையில் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்தார். நல்ல பையனாகத்தான் தெரிகிறார்.

அவர் சவரத்துக்குப் பிறகு என்ன போடுகிறார், ஐயா?