ஃப்ளோரா மிஸ் மீது எழுதிய மெமோ

மேடையில் அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே, தலைமை ஆசிரியை தாயம்மா மேடம் அவர்களே, சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பின் பெற்றோர்களே, வெயிலில் நிற்கும் என் நண்பர்களே, வணக்கம். நான் ரூபேஷ். இந்த வருடம் பத்தாவது முடித்தவன். இந்தப் பள்ளியில் அதிக நாள் முட்டி போட்டவனும் நானே.

எனக்கு முன் பேசிய ஆறு பேரும் நம் வேதியியல் ஆசிரியை ஃப்ளோரா மிஸ்ஸை மாணிக்கம் என்றார்கள். அந்த மாணிக்கத்தை எட்டு மாதம் நூலகத்துக்குள் ஒதுக்கி வைத்தது யார்?

பருப்பொருள் பாடம் வந்தால் மிஸ் பெஞ்சின் மீது சாக்பீஸால் மூன்று கட்டம் போடுவார்: தனிமம், சேர்மம், கலவை. வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து, கட்டத்தில் வைத்து, காரணம் சொல்ல வேண்டும். உப்பு வந்தது. ரசப்பொடி வந்தது. என் வகுப்புத் தோழி இந்து தன் கம்மலைக் கழற்றித் தனிமத்தில் வைத்தாள். வகுப்பே கை தட்டியது. தங்கம் தோண்டிய ஊர். எங்களுக்குத் தெரியாத தங்கமா? மிஸ் அதைக் கலவைக்கு நகர்த்தினார். "செம்பு கலக்காம கம்மல் நிக்குமா? பேரச் சொன்னா போதாது, உள்ள இன்னா இருக்குதுன்னு பாருங்க" என்றார்.

அடுத்த வாரம் நான், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டு மண்ணை டிபன் பாக்ஸில் கொண்டுபோனேன். மிஸ் திறக்கவே விடவில்லை. அதில் விஷம் இருக்கிறது, எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டுக் கையைக் கழுவு என்றார். நான் கொட்டினேன். செயலாளர் நாற்காலியில் கொட்டினேன். கூடவே ஒரு சீட்டு: இது எந்தக் கட்டம்?

செயலாளர் அவர்களே, உங்கள் வெள்ளை பேன்ட்டிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் நீங்கள் யாரையாவது விசாரித்தீர்களா? ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டீர்களா? ஆபத்தான மண்ணைக் கொண்டுவரத் தூண்டினார் என்று மிஸ்ஸுக்கு மெமோ கொடுத்தீர்கள். எட்டாவது முதல் பத்தாவது வரை எல்லா வகுப்பையும் பிடுங்கினீர்கள். இருபத்தொரு வருடம் பாடம் நடத்தியவர் புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டினார்!

சீட்டில் இருந்தது என் கையெழுத்து என்று மிஸ்ஸுக்குத் தெரியும். ஒப்புக்கொள்கிறேன் என்று போய் நின்றேன். "இப்ப சொன்னா டிசி குடுத்து அனுப்பிடுவாங்கடா. மொதல்ல பத்தாவது எழுது. அப்புறம் நீயே போய்ச் சொல்லு" என்றார். எழுதினேன். தேறினேன். ரிசல்ட் வந்த மறுநாள் மாரடைப்பில் மிஸ் போய்விட்டார்.

மெமோதான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் காட்டாமல் எதையும் கட்டத்தில் வைக்காதே என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். ஆனால் அந்த மெமோ பொய். இன்னும் அவர் ஃபைலில் கிடக்கிறது. படத்துக்கு ரோஜா மாலை, ஃபைலுக்குள் பொய்யா?

இதோ என் ஒப்புதல் கடிதம். என் அம்மா பாக்யலட்சுமியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கொட்டியவன் நான், தடுத்தவர் மிஸ். எட்டாம் வகுப்புக்கு அவர் பாதியில் விட்ட பாடத்தைச் சனிக்கிழமைதோறும் பத்தாவது முடித்த நாங்கள் நடத்துவோம். இது எங்கள் உறுதி.

தாயம்மா மேடம், இதை வாங்கிக்கொள்ளுங்கள். செயலாளர் அவர்களே, மெமோ ரத்து என்று இந்த மைக்கிலேயே சொல்லுங்கள். நிகழ்ச்சி நிரலில் அடுத்து இரண்டு நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும்வரை எங்களால் மௌனமாக இருக்க முடியாது.